தாபோடியில் வைஷாலி என்று யாரும் இல்லை

பிறந்த குழந்தைகளின் குதிகாலைப் பார்த்தே பிழைப்பை ஓட்டியவள் நான். முகத்தைக் காட்டினால் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லத் தெரியாது. குதிகாலைக் காட்டினால், எந்தப் பக்கம் குத்தினால் ரத்தம் ஒழுங்காக வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்படி ஒரு திறமையை வைத்துக்கொண்டு ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வது என்று தெரியாமல்தான் புனேக்குப் பக்கத்தில் நிக்டியில் வீட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் மேல் மாடியில் இருக்கும் சென்னைப் பெண் செல்போனோடு இறங்கி வந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை, இப்போது பிரசவ விடுப்பில் இருக்கிறாள். "ஆன்ட்டி, நாங்க ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்து சேரல, அதுக்குள்ள பாப்பாவோட தைராய்டு ரிசல்ட் போன்ல வந்துடுச்சு. நார்மலாம். பொறந்த குழந்தைக்குப் போய் எதுக்கு ஆன்ட்டி தைராய்டு டெஸ்ட்?" என்று கேட்டாள். எங்கள் காலத்தில் அந்த ரிசல்ட் லோக்கல் ரயில் ஏறிப் போனது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு போனவளே நான்தான் என்றேன். சொல்லுங்கள் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சொன்னதை எழுதியும் தாருங்கள் என்றாள். தமிழ் மெதுவாகத்தான் படிப்பாளாம், அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன். படிப்பு முடிந்த சூட்டோடு கல்யாணம். கணவருக்குப் பிம்ப்ரியில் மோட்டார் கம்பெனி வேலை. எனக்கு இந்தியும் வராது, மராட்டியும் வராது. ரத்தம் எல்லா ஊரிலும் ஒரே நிறம்தானே என்ற ஒரே தைரியத்தில், புனே நகரத்துக்குள் இருந்த ஒரு தரும ஆஸ்பத்திரிக்கு வேலை கேட்டுப் போனேன். கொடுத்தார்கள். அங்கேதான் ஜோஷி மேடத்தின் கையில் மாட்டினேன்.

ஜோஷி மேடம் ஆய்வகத்தின் தலைவர். குட்டையான உருவம், பருத்திப் புடவை, ஸ்கூட்டர். அவர் சிரித்தால் இரண்டு மாடி தள்ளி இருக்கும் நோயாளி எழுந்து உட்காருவார். கோபம் வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடலை மிட்டாய்த் துண்டை எடுத்து நம் கையில் கொடுப்பார். அது வாயில் இருக்கும்வரை பதில் பேச முடியாதே! அந்த நேரம் பார்த்துத் திட்டி முடித்துவிடுவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் 'எவ்வளவு நல்ல மனுஷி' என்று மிட்டாயை வாங்கிக் கடிப்பார்கள். பழையவர்கள் மிட்டாயைப் பார்த்ததுமே நடுங்குவோம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மேடம் ஒரு காரியத்தைப் பிடிவாதமாகத் தொடங்கினார். எங்கள் ஆஸ்பத்திரியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தைராய்டு சோதனை. அப்போது அதெல்லாம் அபூர்வம். நிர்வாகத்தில் முணுமுணுத்தார்கள். நல்ல குழந்தையைக் குத்துவானேன் என்று பெற்றவர்களும் முறைத்தார்கள்.

மேடம் எங்களுக்குச் சொன்ன விளக்கம் இதுதான். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி ஒரு வேலையாள். அது சோம்பிப்போனால், மூளைக்கு அடியிலிருந்து டி.எஸ்.ஹெச். என்று ஒரு மேஸ்திரி வந்து அதை விரட்டுவான். வேலையாள் எழுந்திருக்காவிட்டால் மேஸ்திரியின் சத்தம் ஏறிக்கொண்டே போகும். நாம் ரத்தத்தில் அளப்பது அந்தச் சத்தத்தை. பெரியவர்களுக்கு இந்தக் குறை வந்தால் உடம்பு கனக்கும், முடி கொட்டும், அலுப்பு வரும், மாத்திரையில் சரியாகும். பிறந்த குழந்தைக்கு இருந்தால் கதையே வேறு. மூளை வளர்வதே அந்தச் சுரப்பில்தான். பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரிய வரும் நேரத்தில் காலம் கடந்திருக்கும், போன அறிவு திரும்பாது. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் கண்டுபிடித்துவிட்டால், தினம் ஒரு சின்ன மாத்திரை போதும், மற்றப் பிள்ளைகள் மாதிரியே வளரும். "இவ்வளவு மலிவா ஒரு மூளையைக் காப்பாத்த வேற எதுல முடியும், சொல்லு?" என்பார்.

குத்துவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பாதத்தில் சுற்றிச் சூடாக்க வேண்டும். குதிகாலின் நடுவில் குத்தக் கூடாது, ஓரத்தில்தான். வருகிற முதல் சொட்டை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட வேண்டும். அடுத்த சொட்டு தானாகத் திரண்டு வரும்வரை பொறுத்து, கெட்டியான உறிஞ்சு தாளில் அச்சடித்த வட்டத்தில் தொடவைக்க வேண்டும். ஒரு பக்கம் வைத்த ரத்தம் மறுபக்கம் ஊறித் தெரிய வேண்டும். காலைப் பிசையக் கூடாது, சொட்டின் மேல் சொட்டு வைக்கக் கூடாது. அப்புறம் அந்த அட்டையைக் கிடைமட்டமாக வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். புனே மழைக்காலத்தில் நம் ஜாக்கெட்டே உலராது, அட்டை எங்கே உலரும்? ஒரு பெண் வீட்டிலிருந்து முடி உலர்த்தும் கருவியைக் கொண்டு வந்து சூட்டுக் காற்றைக் காட்டிவிட்டாள். மேடம் இழுப்பறையைத் திறந்து மிட்டாய் கொடுத்தார். "இது என்ன, உன் கொண்டையா? ஒரு குழந்தையோட மூளை" என்று மெதுவாகச் சொன்னார். அவள் அன்று மதியம் சாப்பிடவே இல்லை.

உலர்ந்த அட்டையிலிருந்து சின்னப் பொட்டு அளவுக்கு வட்டம் வெட்டி, குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஆளுக்கு ஒரு குழியாகப் போடுவோம். மருந்து ஊற்றி, ஊறவைத்து, கழுவி, மறுபடி ஊற்றி, கடைசியில் அமிலம் விட்டால் குழிகளில் மஞ்சள் நிறம் வரும். நல்ல குழந்தைக்கு வெளிறிய மஞ்சள். மேஸ்திரி கத்திக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அடர்ந்த மஞ்சள். இயந்திரம் எண் சொல்வதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். தட்டு நிறையும்வரை அட்டைகளைச் சேர்த்து வைத்தால் செலவு குறையும் என்று நிர்வாகம் சொன்னது. தட்டில் பாதி காலியாக இருந்தாலும் பரவாயில்லை, குழந்தையின் மூளை நமக்காகக் காத்திருக்காது என்று மேடம் ஓட்டச் சொல்லிவிட்டார். அவர் வாயில் சாம்பிள் என்ற சொல்லே வராது. "இன்னிக்கு எத்தனை குழந்தைங்க வந்திருக்கு?" என்றுதான் கேட்பார்.

மேடத்துக்கு ஒரு விளையாட்டு உண்டு. எங்கள் கண்ணும் கையும் தூங்காமல் இருக்க, அட்டைகளுக்கு நடுவே எங்களுக்குத் தெரியாமல் ஒரு போலி அட்டையைச் சொருகி வைப்பார். தைராய்டு குறைந்த பெரியவர்கள் யாரிடமாவது கேட்டு வாங்கிய ரத்தம். மேலே 'பேபி ஆஃப் சுனிதா', 'பேபி ஆஃப் லதா' என்று ஏதாவது ஒரு பெயர். அதைச் சரியாகப் பிடித்தவளுக்கு ஆஸ்பத்திரி வாசல் வண்டியில் வடா பாவ். பிடிக்காமல் விட்டால் கடலை மிட்டாய். தொடங்கிய நாளிலிருந்து அதுவரை நாங்கள் பிடித்ததெல்லாம் மேடத்தின் போலிகளைத்தான். உண்மையில் ஒரு குழந்தைகூட மாட்டவில்லை. இந்த நோயே புனேயில் கிடையாதோ, மேடம் நம்மை வைத்து வடா பாவ் வண்டிக்காரனுக்குத்தான் வியாபாரம் பண்ணுகிறாரோ என்று எங்களுக்குள் கிண்டல்.

ஒரு ஆனி மாதம். பண்டரிபுரத்துக்கு நடந்து போகிறவர்களின் பல்லக்கு எங்கள் சாலையைக் கடந்து போய்ச் சில நாள் ஆகியிருந்தது. தட்டில் அமிலம் விட்டேன். வெளிறிய மஞ்சள் குழிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மாம்பழச் சாறு மாதிரி திரண்டு நின்றது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. அட்டையை எடுத்துப் பார்த்தேன். 'பேபி ஆஃப் வைஷாலி'. தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், இன்னிக்கு எனக்கு ரெண்டு வடா பாவ் வேணுமுங்க. வைஷாலியைப் புடிச்சுட்டேன்" என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் சொன்னேன்.

மேடம் டீயைக் கீழே வைத்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார். "பிரேமா, நான் இந்த வாரம் போலி அட்டையே போடலையே" என்றார்.

அப்படியென்றால் இது நிஜக் குழந்தை. அவர் எழுந்து என்னோடு ஆய்வகத்துக்கு வந்தார். அதே அட்டையிலிருந்து புதிதாக இரண்டு பொட்டு வெட்டச் சொன்னார். நான் வெட்ட, ஊற்ற, கழுவ, கூடவே நின்றார்.  இரண்டு குழியிலும் அதே அடர்ந்த மஞ்சள். "குழந்தை எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

குழந்தை பிறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அட்டையில் இருந்தது கட்கி விலாசம். தொலைபேசி இல்லை. மேடம் உடனே என்னையும் ஏலியம்மா சிஸ்டரையும் கிளம்பச் சொன்னார். ஏலியம்மா குழந்தைகள் வார்டு நர்ஸ், கோட்டயத்துக்காரி. எனக்கு அரைகுறை மராட்டி, அவருக்கு அதில் பாதி. இரண்டும் சேர்த்தால் முழுசு ஆகிவிடும் என்று மேடம் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

கட்கியில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் துணி பிழிந்துகொண்டே விவரம் சொன்னார். மாமனார் மாமியார் பல்லக்கோடு பண்டரிபுரம் நடந்து போயிருக்கிறார்கள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், எந்த ஊரில் இருக்கிறானோ. மருமகள் பிரசவத்துக்குப் பிறகு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். "தாய்வீடு தாபோடியில. ரயில்வே லைனைத் தாண்டினா மாருதி கோயில், அதுக்குப் பின்னாடி. அவ்வளவுதான் தெரியும், தாயி" என்றார்.

தாபோடி கட்கிக்கு அடுத்த ஸ்டேஷன். தினமும் நான் லோக்கல் ரயிலில் கடக்கிற ஊர். அதனால் ரொம்பத் தெம்பாகத்தான் போய் இறங்கினோம். மாருதி கோயிலும் கிடைத்தது. வைஷாலிதான் கிடைக்கவில்லை. மாவு மில்லில் கேட்டோம், இல்லை. குழாயடியில் கேட்டோம், இல்லை. தையல்காரர் ஊசியை எடுக்காமலே தலையை ஆட்டினார். மளிகைக் கடைக்காரர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீஸா?"

"இல்லீங்க, ஆஸ்பத்திரி. வைஷாலின்னு ஒரு பொண்ணு. பிரசவம் ஆகி வந்திருக்கா."

"நான் இங்கேயே பொறந்தவன், தாயி. இந்தச் சந்துல வைஷாலின்னு யாரும் கிடையாது. வேற தாபோடியா இருக்கும்."

வேறு தாபோடி ஒன்று இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. மழை வலுத்தது. ஏலியம்மாவின் குடை திரும்பிக்கொண்டது. "எடீ பிரேமே, அந்தக் கட்கிக்காரி நம்மளப் பறைஞ்சு பற்றிச்சதாணோ?" என்று, ஏமாற்றிவிட்டாளோ என்பதை மலையாளத்தில் கேட்டார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. குழந்தை இந்தச் சந்துகளில் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதன் மூளைக்கு வேண்டியது கிடைக்காமல் ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு மருந்து இருப்பது ஊரில் எங்களுக்கு மட்டும் தெரியும். இத்தனையும் தெரிந்து, ஒரு கதவைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறோமே!

மஞ்சள் போர்டு போட்ட டெலிபோன் கடையிலிருந்து மேடத்தைக் கூப்பிட்டு, வைஷாலி என்று யாருமே இல்லை என்கிறார்கள் என்றேன்.  பதிலுக்கு அந்தச் சிரிப்பு. ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன், கடைக்காரருக்கே கேட்டது.

"அரே, பைத்தியங்களா! தாய்வீட்டுல போய் வைஷாலின்னு கேட்டா யாருக்குத் தெரியும்? அது மாமியார் வீட்டுப் பேரு!"

"அப்படின்னா மேடம்?"

"எங்க பக்கத்துல கல்யாணத்தன்னிக்குப் பொண்ணோட பேரையே மாத்திடுவாங்க. தட்டுல அரிசியைப் பரப்பி, மாப்பிள்ளை மோதிரத்தால புதுப் பேரை எழுதுவான். அன்னிலேருந்து புருஷன் வீட்டுக்கு ஒரு பேரு, பொறந்த வீட்டுக்குப் பழைய பேரு. நீ சாத்தாராவுல நான் பொறந்த தெருவுல போய் சுதா ஜோஷின்னு கேளு, நாய்கூடத் திரும்பிப் பாக்காது. அங்க நான் குசும்."

எனக்குப் பளிச்சென்று ஒன்று நினைவுக்கு வந்தது. கல்யாணமாகி நிக்டிக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம், "முன்னாடி உன் பேரு என்ன?" என்று கேட்டார். முன்னாடியும் பிரேமாதான் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ பாவம், உன் மாமியார் உனக்கு ஒரு பேருகூட வைக்கலையா?" என்று உருகினார். எனக்கு எதற்குப் பரிதாபப்பட்டார் என்று தெரியாமல் தலையை ஆட்டி வைத்தேன். விஷயம் விளங்க இத்தனை வருஷமும் ஒரு தாபோடி மழையும் தேவைப்பட்டது.

"பேரை விடு, குழந்தையைத் தேடு" என்றார் மேடம். "சாயங்காலம் ஆச்சு இல்ல? பிரசவமான பொண்ணு இருக்கற வீட்டுல இப்ப புகை போடுவாங்க. ஓமம், பூண்டுத் தோல். மூக்கை வெச்சுக்கிட்டுப் போங்க. பாத்ததும் போன் பண்ணு, குழந்தை டாக்டரை நான் இருக்க வெக்கறேன்."

அப்படியே செய்தோம். ஈரக் காற்றில் ஓமம் புகையும் வாசனை தூக்கலாகத்தான் இருந்தது. முதலில் மூக்கு கொண்டுபோய் விட்ட வீட்டில் ஒரு ஆண் குழந்தை கூரையைப் பிரிக்கிற மாதிரி கத்தியது. அதைப் பெற்றவள் சிஞ்ச்வட்டில் வாக்கப்பட்டவள், நாங்கள் தேடியவள் இல்லை. அடுத்த சந்தில் இன்னொரு வீட்டு ஜன்னலில் புகை வந்தது. உள்ளே சத்தமே இல்லை. தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணி மூட்டை மாதிரி குழந்தை.

"நீ கட்கியில வாக்கப்பட்டவளாம்மா? வைஷாலியா?"

அவள் விழித்தாள். "அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும், தாயி?"

உள்ளேயிருந்து அவளுடைய அம்மா எட்டிப் பார்த்தார். "யாரு சுரேகா, வந்திருக்கறது?"

ஏலியம்மா என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். நான் அந்த வீட்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குழந்தை கிடைத்துவிட்டது.

கிடைத்ததோடு முடியவில்லை. ரத்தத்தில் குறை இருக்கிறது, இப்போதே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சொன்னதும் சுரேகாவின் அம்மா இடுப்பில் கையை ஊன்றிவிட்டார். "என் பேத்திக்குக் குறையா? வந்து பாருங்க. அழுகைன்னா என்னன்னே தெரியாது. வெச்ச எடத்துல தூங்குது. பெத்தவளுக்கு ஒரு ராத்திரி தூக்கம் கெட்டதில்ல. இப்படி ஒரு பிள்ளைக்குத் தெருவே கண்ணு வெக்குது. அதுல நீங்க வேற! பன்னெண்டாம் நாள் தொட்டில் போட்டுப் பேரு வெக்கற வரைக்கும் ரெண்டு பேரும் வாசல் தாண்டக் கூடாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. பார்க்க அழகான குழந்தை. ஆனால் அழுகிற பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள் நம்மூரில், இது பாலுக்குக்கூட அழவில்லை. நான் அந்த அம்மாளோடு மல்லுக்கு நிற்காமல் சுரேகாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் மராட்டி உடைந்து உடைந்துதான் வந்தது.

"சுரேகா, பசிச்சா இவ தானா முழிக்கறாளா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். "இல்ல தாயி. நான்தான் எழுப்பறேன். உள்ளங்காலைத் தட்டித் தட்டி எழுப்புவேன். ரெண்டு வாய் குடிச்சிட்டுத் திரும்பத் தூங்கிடுவா. எல்லாரும் நல்ல பிள்ளைங்கறாங்க. எனக்கு மட்டும் பயமாவே இருக்கு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"நல்லா இருக்கற பிள்ளையைக் குறை சொல்லலாமா?"

சொல்லும்போதே அவள் கண்ணில் நீர் நிரம்பிவிட்டது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "ஆயி, நான் போறேன். பேரு வெக்கறது அப்புறம் வெச்சுக்கலாம்."

 அவளுடைய அம்மா புகைச் சட்டியை ஓரமாக நகர்த்தினார். கொடியில் இருந்த கம்பளியை இழுத்து மகள் தலையிலும் பேத்தி மேலும் சுற்றினார். ஆட்டோவில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்ததும் அவர்தான். வழி நெடுக, "சீக்கிரம் போ, பள்ளம் பாத்துப் போ" என்று இரண்டு உத்தரவையும் ஒன்றாகப் போட்டு ஆட்டோக்காரரை வாட்டி எடுத்தார்.

மேடம் சொன்னபடி குழந்தை டாக்டர் காத்திருந்தார். ஏலியம்மா குழந்தையின் கையில் நரம்பு தேடி ரத்தம் எடுத்தார். குழந்தை முகத்தைச் சுளித்து, தொண்டை கட்டினவர்கள் மாதிரி ஒரு கரகரப்புச் சத்தம் போட்டு நிறுத்திக்கொண்டது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. அந்த ரத்தத்தின் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் டாக்டர் அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கினார். ஸ்பூனில் பொடித்து, தாய்ப்பாலைப் பீய்ச்சிக் குழைத்து, சுரேகாவே ஊட்டினாள். சப்புக்கொட்டிக்கொண்டு விழுங்கியது. மறுநாள் ரிசல்ட் வந்தது, எங்கள் மஞ்சள் பொட்டு சொன்னது நிஜம். மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு இழுப்பறையைத் திறந்தார். பயந்துவிட்டோம். "பயப்படாதீங்க, இது வெறும் மிட்டாய்" என்று சிரித்தார். வடா பாவும் வந்தது, அந்த மாடியில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "ஏனுங்க, இன்னைக்கு ஒரு குழந்தையக் கண்டுபுடிச்சோமுங்க" என்றேன். "அதுக்கு எதுக்கு புள்ள முந்தானையில மூக்கச் சிந்தற?" என்று கேட்டவர், முழுக்கதையும் கேட்டு முடித்ததும் தானும் துண்டைத் தேடினார்.

கொஞ்சம் தள்ளிப்போட்டுத் தொட்டில் விழா நடந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பண்டரிபுரம் போய்த் திரும்பிய மாமனார் மாமியாரும், லாரியை எங்கோ விட்டுவிட்டு ஓடி வந்த தகப்பனும் இருந்தார்கள். வழக்கப்படி அத்தைக்காரி குழந்தையின் காதில் கௌரி என்று ஓதினாள். சுரேகா எல்லார் எதிரிலும் சொன்னாள்: "இவளைக் கட்டறவன் யாரா இருந்தாலும் பேரை மட்டும் மாத்தக் கூடாது. தேடி வந்தவங்க என்ன பாடு பட்டாங்கன்னு எனக்குத்தான் தெரியும்." மாமியார் முதலில் முகத்தைத் தூக்கினார், பிறகு அவரே சிரித்துவிட்டார்.

அப்புறம் மாதம் தவறாமல் ரத்தம் பார்த்து, எடைக்குத் தகுந்தபடி மாத்திரையைக் கூட்டிக் குறைத்து, கௌரி எங்கள் கண் முன்னால் வளர்ந்தாள். தலை நின்றது, உட்கார்ந்தாள், நடந்தாள். ஒவ்வொன்றையும் சுரேகா வந்து சொல்லும்போது மேடம் காலண்டரைப் பார்ப்பார், எல்லாம் அந்தந்த மாதத்தில் நடக்கிறதா என்று. நடந்தது. என்றாலும் எல்லார் மனசிலும் ஒரு மூலையில் கேள்வி இருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கழிந்த அந்த நாட்களில் ஏதாவது போயிருக்குமோ? சுரேகா அதை வாய்விட்டே கேட்டிருக்கிறாள். பேச்சு வரட்டும், பார்க்கலாம் என்பார் டாக்டர்.

மூன்று வயது முடிந்ததும் டாக்டர் மாத்திரையைச் சில வாரம் நிறுத்தச் சொன்னார். சுரப்பி தானாக வேலை செய்கிறதா, ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டுமா என்று பார்க்க அதுதான் வழி. நிறுத்திய பிறகு ரத்தம் எடுக்க வந்தார்கள். அன்று ஊசி என் கையில். கௌரி இரட்டைச் சடையோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், விஷயம் புரிந்துவிட்டது.

"எனக்கு வேணாம். அவங்களுக்குக் குத்து" என்று பக்கத்தில் நின்ற ஜோஷி மேடத்தைக் காட்டினாள்.

"எனக்கு எதுக்குடி?" என்றார் மேடம்.

"நீதான் பெரியவ. உனக்கு நெறைய ரத்தம் இருக்கு. என்கிட்ட கொஞ்சந்தான் இருக்கு. இத எடுத்துட்டா அப்புறம் நான் எத வெச்சு வெளையாடறது?"

 சுரேகாவுக்கு வெட்கம். "மன்னிச்சிடுங்க மேடம். காலையில கண்ணு முழிச்சா ராத்திரி வரைக்கும் இந்த வாய் மூடாது. மாமியாரோட சண்டை, பால்காரரோட சண்டை. எங்க ஆயி, 'வெச்ச எடத்துல தூங்கின பிள்ளையா இது'ன்னு தலையில அடிச்சுக்கறாங்க. இதுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?" என்றாள்.

"அது மட்டும் எங்ககிட்ட கிடையாது" என்ற மேடம், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

ரிசல்ட் பிறகு வந்தது, மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும் என்று. சுரேகா அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் உப்பு, சர்க்கரை மாதிரி அதுவும் ஒரு டப்பா என்றாள். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்ததை. சுரேகா மகளின் கையைப் பிடித்துக்கொள்ள நான் ஊசியை ஏற்றினேன். கௌரி அலறினாள். அது சாதாரண அலறல் இல்லை. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். நடு நடுவே மூச்சை இழுத்துக்கொண்டு, என்னை மராட்டியில் என்னென்ன சொல்லத் தெரியுமோ அத்தனையும் சொல்லித் திட்டினாள். என் வேலையே பிள்ளைகளைக் குத்துவது. எந்தக் குழந்தை அழுதாலும் சீக்கிரம் பஞ்சை வைத்து அழுத்தி, தட்டிக்கொடுத்து ஓயவைப்பேன். அன்றைக்கு மட்டும் ரத்தக் குழாயைக் கையில் பிடித்தபடி, அவள் அழுது முடிக்கும்வரை காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஏலியம்மா சிஸ்டர்தான் கடைசியில் வந்து பஞ்சை வைத்தார்.